வெங்காய சூப்பும் வெள்ளைக்காரக் காவியும்

காலை ஏழு மணிக்குத் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் வந்து நின்று பாருங்கள். காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி நிறைய விபூதி, செருப்பில்லாத கால். முகத்தைப் பார்த்தால் பிரான்ஸ். பின்னால் வருபவர் ஜெர்மனி. டீக்கடையில் கிளாஸை உயர்த்தி அண்ணாந்து குடிக்கிற லாகவம் இருக்கிறதே, ஒரு சொட்டு சிந்தாது. பக்கத்தில் பெர்முடாஸ் போட்டுக்கொண்டு காபுச்சினோ கேட்பவர்தான் உள்ளூர்க்காரர்.

இந்த ஃபேஷனை ரமணாசிரமத்துக் கூட்டம்தான் ஆரம்பித்து வைத்தது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. தப்பு. நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு ரோமாபுரிக்காரர் மதுரையில் காவி கட்டிவிட்டார். வித்தியாசம் ஒன்றுதான். இப்போது வருகிறவர்கள் குருவைத் தேடி வருகிறார்கள். அவர் தானே குரு என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு அமெரிக்க அம்மாள். பெயர் வில்லா கேதர். 1927-ல் ‘டெத் கம்ஸ் ஃபார் தி ஆர்ச்பிஷப்’ என்று ஒரு நாவல் எழுதினார். நியூ மெக்சிகோ என்கிற காய்ந்த பிரதேசம், இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள், இரண்டு வெள்ளைக் கோவேறு கழுதைகள். காதல் கிடையாது. சஸ்பென்ஸ் கிடையாது. யார் சாகப்போகிறார் என்பதைக்கூட அட்டையிலேயே சொல்லிவிடுகிறார். இருந்தும் கிளாசிக்!

படித்து முடித்ததும் எனக்கு ஓர் அசட்டுத் துணிச்சல். நம்மிடம் இல்லாத பாதிரியாரா? நம்மிடம் இல்லாத வெயிலா? கழுதைக்கு மட்டும் பஞ்சமா? தமிழில் அப்படி ஒன்று எழுதிவிடுவது என்று முடிவெடுத்து, கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். என் ஆராய்ச்சியில் பிசிறில்லாமல் நடந்த ஒரே வேலை அதுதான்.

முதலில் அந்த அம்மாள் எப்படி ஆராய்ச்சி செய்தார் என்று பார்த்தேன். 1925 கோடையில் சாந்தா ஃபே ஊரில் தங்கியிருக்கிறார். கையில் ஒரு பழைய புத்தகம் அகப்படுகிறது. மஷ்பெஃப் என்கிற பாதிரியாரைப் பற்றி ஹௌலெட் என்கிற இன்னொரு பாதிரியார் எழுதி, கொலராடோவில் ஒரு சின்ன ஊர் அச்சகத்தில் 1908-ல் போட்ட வாழ்க்கை வரலாறு. ராத்திரி முழுக்கப் படிக்கிறார். விடியும்போது நாவலின் மொத்த வடிவமும் மனசில் ரெடி. நானும் ஒரு ராத்திரி முழுக்கப் படித்தேன். விடியும்போது எனக்கு ரெடியாக இருந்தது கண்ணெரிச்சல்.

கேதர் கத்தோலிக்கரே இல்லை என்பது முதல் அதிர்ச்சி. நாவலின் ஒரு பகுதியை சாந்தா ஃபேயில் மேரி ஆஸ்டின் என்ற எழுத்தாளரின் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இந்த அழகான அறையில்தான் கடைசி அத்தியாயங்களை எழுதினேன் என்று புத்தகத்திலேயே கையெழுத்துப் போட்டும் கொடுத்திருக்கிறார். ஆஸ்டினோ, பிரெஞ்சுக்காரர்களைத் தூக்கிவைத்து உள்ளூர் ஸ்பானிஷ் மரபை மட்டம் தட்டிவிட்டாய் என்று எரிச்சல்பட்டார். பிற்பாடு கேதர், அந்த வீட்டில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று சாதித்தார். எழுத்தாளர்களுக்கு வீடு கொடுப்பவர்கள் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று சொல்ல வந்தேன். ஆஸ்டினிடம் எழுத்திலேயே இருந்தது. அப்படியும் பிரயோஜனமில்லை.

நாவலின் கதாநாயகர் லத்தூர். நிஜத்தில் லாமி. 1851-ல் பிஷப்பாக வந்து இறங்கினால் உள்ளூர்ச் சாமியார்கள், நீங்கள் யார், எங்களுக்கு எந்த உத்தரவும் வரவில்லையே என்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் காப்பி இல்லாமல் ஜாயின் பண்ணப்போன வாத்தியார் கதைதான். அந்த ஒரு காகிதத்துக்காக மெக்சிகோவின் துரங்கோ வரைக்கும் நூற்றுக்கணக்கான மைல் குதிரையில் போய், பழைய பிஷப்பைப் பார்த்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். நம்மூர்த் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற அனுபவம் உள்ளவர்கள் இந்த அத்தியாயத்தைக் கண்ணீர் விடாமல் படிக்க முடியாது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஹீரோவுக்குப் பெயர் மாற்றிய அம்மாள், வில்லனுக்கு மாற்றவில்லை. தாவோஸ் ஊர்ப் பாதிரியார் மார்ட்டினெஸ் சொந்தப் பெயரிலேயே, பேராசையும் காமமும் சொட்டச் சொட்ட வருகிறார். நிஜ மார்ட்டினெஸ் பள்ளிக்கூடம் நடத்தியவர், அச்சு யந்திரம் வைத்திருந்தவர். செத்து அறுபது வருஷம் ஆனவர் கேஸ் போடமாட்டார் என்கிற தைரியம்தான் சரித்திர நாவலின் மூலதனம். குறித்துக்கொண்டேன்.

சரி, நமக்கு ஹீரோ யார்?

முதல் மனு ராபர்ட் தெ நொபிலி. 1606-ல் மதுரைக்கு வருகிறார். வயது 29. அங்கே ஏற்கெனவே கொன்சாலோ ஃபெர்னாந்தஸ் என்று ஒரு போர்ச்சுகீசியர் இருக்கிறார். பழைய சிப்பாய், வயது அறுபதுக்கு மேல், பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதே ஊர். அங்கே வந்துபோகும் பரவக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைக்கிறார். புதிதாக மதுரைக்காரர் எத்தனை பேரைச் சேர்த்தார்? பூஜ்யம்.

நொபிலி கணக்குப் போட்டார். மாட்டிறைச்சி, மது, லெதர் ஷூ. இந்த மூன்றும் சேர்ந்தால் மதுரைக்காரன் வைக்கிற பெயர் பரங்கி. பரங்கி சொல்லும் வேதத்தை எவன் கேட்பான்? உடனே காவி, பாதக்குறடு, பூணூல், சைவச் சாப்பாடு, அதுவும் தினம் ஒரு வேளை, சமைக்க ஒரு பிராமணர். தமிழோடு சம்ஸ்கிருதமும் தெலுங்கும் படித்தார். நான் பரங்கி இல்லை, ரோமாபுரி ராஜ வம்சம் என்று அறிவித்தார். இது முழுப் பொய்யும் இல்லை. நொபிலி குடும்பம் ஏதோ ஒரு சக்கரவர்த்தியின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்ட குடும்பம்தான். எந்தக் குடும்பம்தான் சொல்லிக்கொள்ளவில்லை?

இதில் பாவம் ஃபெர்னாந்தஸ். ஒரே சபை, ஒரே வேதம், ஒரே ஊர். புதுப் பையன் வந்து தனி வீடு பார்த்துக்கொண்டு, உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் என் பேர் கெட்டுவிடும் என்றால் கிழவருக்கு எப்படி இருக்கும்! 1610-ல் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். பூணூல் போடலாமா, சந்தனம் பூசலாமா, குடுமி வைக்கலாமா என்று கோவாவிலும் ரோமிலும் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி, போடலாம் என்றார். ஒரு முழ நூலுக்குப் பதின்மூன்று வருஷ விசாரணை. நம் சிவில் கோர்ட்டுகளுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடையாது.

ஆனாலும் நொபிலியை ஹீரோவாகப் போட எனக்கு மனசு வரவில்லை. மனசு என்னவோ அந்தக் கிழவர் பக்கமே போகிறது.

அடுத்த மனு வீரமாமுனிவர். இவரைக் கிண்டல் செய்தால் தமிழ் வாத்தியார்கள் என்னை விடமாட்டார்கள். செய்யவும் முடியாது. இத்தாலியில் பிறந்து, முப்பது வயதுக்கு மேல் இங்கே வந்து, மூவாயிரத்து அறுநூறு பாட்டுக்கு மேல் தேம்பாவணி பாடி, சதுரகராதி போட்டு, எகர ஏகாரக் குழப்பத்துக்கு எழுத்தில் ஒரு வழி செய்து, மிச்ச நேரத்தில் பரமார்த்த குருவையும் ஐந்து மூடச் சீடர்களையும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆசாமி. நான் முப்பது வயதில் ஹிந்தி பிராத்மிக்குக்குப் பணம் கட்டினேன். பணம்தான் போயிற்று.

ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாறு இருக்கிறதே! முனிவர் காலமானது 1747. புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை அவர் சரித்திரத்தை எழுதியது 1822. நடுவில் எழுபத்தைந்து வருஷம். அத்தனை வருஷம் ஊறினால் ஊறுகாயே ருசி மாறும். அதில் முனிவர் பல்லக்கில் வருகிறார். பல்லக்கில் புலித்தோல். இரண்டு பக்கமும் மயில்பீலி விசிறிகள். சந்தா சாகிபைப் பார்க்கப் போகவேண்டும் என்று மூன்றே மாதத்தில் பாரசீகம் படித்துவிடுகிறார். நவாபு அசந்துபோய் இஸ்மத் சந்நியாசி என்று பட்டம் கட்டி, ஊர்களை எழுதிக்கொடுத்து, திவானாகவும் வைத்துக்கொள்கிறார்.

திவான் உத்தியோகத்தைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. போய்ப் பார்த்திருக்கலாம், மரியாதை கிடைத்திருக்கலாம், அவ்வளவுதான் என்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒரு பெரிய மனிதர் தமிழ் எழுதினார், அகராதி தொகுத்தார், செத்துப்போனார் என்றால் நம் ஜனங்களுக்குத் திருப்தி வராது. ஒரு கவர்ன்மென்ட் போஸ்ட் இருந்தால்தான் பெரிய மனிதர்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தரங்கம்பாடியில் லுத்தரன்காரர்கள் வந்து இறங்கி, அச்சகம் வைத்து, தமிழில் வேதம் போட ஆரம்பித்ததும் முனிவரின் பேனா சாட்டையாக மாறியது. லுத்தேரினத் தியல்பு என்று ஒரு நூலே எழுதினார். இரண்டு ஐரோப்பியக் கோஷ்டிகள், ஐரோப்பியச் சண்டை ஒன்றை, காவிரிக்கரை வெயிலில் உட்கார்ந்து தமிழில் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தால் யாருக்கும் துண்டுப்பிரசுரம் அடிக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

மூன்றாவது மனுதாரர் அபே துபுவா. பிரெஞ்சுப் புரட்சி கொதித்துக்கொண்டிருந்த 1792-ல் இந்தியாவுக்குக் கப்பலேறிய பாதிரியார். பாதிரியார்களின் தலைக்கு பாரிஸில் உத்தரவாதம் இல்லாத சீசன் அது. புதுச்சேரியில் இறங்கி, தமிழ்நாட்டிலும் மைசூரிலுமாக 31 வருஷம். தாடி, தலைப்பாகை, சைவம் எல்லாம் உண்டு. ஆயிரக்கணக்கான பேருக்கு அம்மைத் தடுப்பு ஊசி போட வைத்தவர். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

இவர்தான் இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அந்தப் பிரபலமான புத்தகத்தைக் கொடுத்தவர். ‘கொடுத்தவர்’ என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1807-ல் 2,000 வராகன் கொடுத்து வாங்கியது. 1816-ல் லண்டனில் அச்சாயிற்று. இந்தியாவுக்கு வரும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் எல்லோரும் அதை வைத்துக்கொண்டுதான் நம்மைப் புரிந்துகொண்டார்கள். 1987-ல் சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பழைய காகிதங்களைப் புரட்டி, இதில் பெரும்பகுதி கேர்தூ என்கிற சேசு சபைப் பாதிரியார் துபுவாவுக்கு முன்பே எழுதியது என்று எடுத்து வைத்தார். வைவாவுக்கு நூற்றெழுபது வருஷம் லேட்டாக எக்ஸாமினர் வந்ததால் துபுவா தப்பித்தார்.

இந்த கேர்தூவின் ஜாதகத்தைத்தான் யாராவது பார்க்கவேண்டும். சம்ஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் உறவுக்கார மொழிகள் என்று 1767 வாக்கிலேயே பாரிஸுக்கு எழுதிப் போட்டவர். பாரிஸ்காரர்கள் அதை அச்சில் போட்டது 1808-ல். நடுவில் 1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் அதையே மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரே மனிதருக்கு இரண்டு தடவை!

துபுவாவின் கிளைமாக்ஸ் இன்னும் பிரமாதம். 31 வருஷம் மதம் பரப்பிவிட்டு, 1823-ல் ஊர் திரும்பிய கையோடு ஒரு புத்தகம் வெளியிட்டார். சாரம் என்ன தெரியுமா? இந்துக்களை மதம் மாற்றவே முடியாது. கம்பெனி இவருக்குப் பென்ஷன் வேறு கொடுத்தது. வேலை நடக்காது என்று ரிப்போர்ட் எழுதியும் பென்ஷன் வாங்கியவர் சரித்திரத்திலேயே இவராகத்தான் இருக்கவேண்டும் என்று எழுத நினைத்தேன். பொதுப்பணித்துறையில் வேலை பார்த்த என் மாமா ஞாபகம் வந்தது. அடித்துவிட்டேன்.

ஏன் ஊர் ஊராக அலைகிறீர்கள், நம்ம ஜில்லாவிலேயே சேத்துப்பட்டு இருக்கிறதே என்றார் ஒரு நண்பர். வாஸ்தவம். தாதுவருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, அந்தப் பக்கத்துக் கிராமங்களில் உழன்ற பிரெஞ்சுக்காரர் தாராஸ் சாமியார். லூர்து மாதா கோயிலை எழுப்பியவர். அங்கே போய் விசாரித்தால் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தழைகிறது. எனக்கோ ஒரு பல்லக்கு, ஒரு வம்பு, ஒரு திருட்டுக்கூட அகப்படவில்லை. குறையில்லாத மனிதரை வைத்துக்கொண்டு நாவலாசிரியன் என்ன செய்வது? ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

திரும்பி வந்து பார்த்தால், ஹீரோ என் வீட்டுப் பின்பக்கத்து மலையிலேயே இருக்கிறார்.

ஆன்ரி லெ சோ. 1910-ல் பிரிட்டனி கடற்கரையில் பிறந்தவர். பெனடிக்டின் துறவி. கெர்கோனான் மடத்தின் மதிலுக்குள் இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்து, இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று வருஷக்கணக்கில் மனுப் போட்டு, 1948-ல் வந்து சேர்ந்தார். குளித்தலையில் ஏற்கெனவே ஜூல் மோன்ஷனென் என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் காத்துக்கொண்டிருந்தார். படித்த மேதை, சளைக்காத பேச்சாளர், உடம்பு மட்டும் நோஞ்சான். கேதரின் நாவலில் வருகிற மாதிரியே இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். எனக்குக் கை பரபரத்தது.

இருவரும் 1950 மார்ச் 21-ல் காவிரிக்கரையில் தண்ணீர்ப்பள்ளி மாந்தோப்பில் ஆசிரமம் தொடங்கினார்கள். பெயர் சச்சிதானந்த ஆசிரமம், சாந்திவனம் என்பது நமக்குத் தெரிந்த பெயர். காவி கட்டினார்கள். மோன்ஷனென் பரம அரூபி ஆனந்தர் ஆனார். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். இந்தியத் துறவிகள் திரள் திரளாக வந்து சேருவார்கள் என்று எதிர்பார்த்து வாசலைப் பார்த்தார்கள். ஒருசிலர் வந்தார்கள், போனார்கள். நிலைத்து நின்றவர் யாரும் இல்லை. ஆபீஸ், பெயர்ப்பலகை, ரூல் புக், இரண்டு ஃபவுண்டர், எம்ப்ளாயி ஜீரோ. இன்றைய பெங்களூரில் இதற்கு ஃபண்டிங்கே கிடைத்திருக்கும்.

ஆனால் கதை அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே தடம் புரண்டுவிட்டது. 1949 ஜனவரி. மோன்ஷனென் கூட்டிக்கொண்டு வர, லெ சோ திருவண்ணாமலையில் ரமணரைப் பார்க்கப் போகிறார். பெரிய எதிர்பார்ப்பு. ஒரு ஒளி, ஒரு நடுக்கம், ஒரு ஏதாவது. போய் உட்கார்ந்தால், கௌபீனம் கட்டிய ஒரு தாத்தா. நல்ல சிரிப்பு. தபால் பார்க்கிறார், சாப்பிடுகிறார், சும்மா இருக்கிறார். மனிதருக்கு ஏமாற்றம். இதுவா அது?

ஆசிரமத்தில் இருந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி போட்டாரே ஒரு போடு. நீங்கள் ரொம்ப மூட்டை முடிச்சுகளோடு வந்திருக்கிறீர்கள், அதையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு உட்காருங்கள் என்று. லத்தீன், தியாலஜி, இருபது வருஷ மடம், எல்லாம் மூட்டையாம்! சொன்னது உறைத்ததோ என்னவோ, அன்றைக்கே காய்ச்சல். படுக்கையில் கிடந்தவரின் காதுக்குள் வேத பாராயணமும் அந்தச் சிரிப்பும் சுற்றிச் சுற்றி வந்தன. நம் பக்கத்து டாக்டர்கள் இதை வைரல் என்பார்கள். அவர் கடைசிவரைக்கும் வேறு பெயர் சொன்னார்.

1950 ஏப்ரலில் ரமணர் போய்விட்டார். லெ சோவுக்கு மலை விடவில்லை. 1952 முதல் நாலைந்து வருஷம் திரும்பத் திரும்ப வந்து அருணாசலத்துக் குகைகளில் தங்கினார். மௌனம். ஊருக்குள் இறங்கிப் பிட்சை. கத்தோலிக்கக் குருவானவர், பூசை வைக்கிற கையில் திருவோட்டை ஏந்தி, நம்மூர் மாமிகளிடம் சாதம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். குகை என்றதும் அமைதி என்று கற்பனை செய்கிறவர்கள் இந்த ஊருக்கு வந்ததில்லை என்று அர்த்தம். இங்கே குகைக்குக் குகை அண்டைவீட்டார் உண்டு, எட்டிப் பார்க்கிற விடலைகள் உண்டு, குரங்குக்கும் குறைவில்லை. கீழே கோயில் நாதஸ்வரம் மேலேவரை கேட்கும்.

காவிரிக்கரையில் மோன்ஷனென் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்தியாவைக் கிறிஸ்துவுக்குள் கொண்டுவரப் பார்ட்னராக வந்தவரை, அத்வைதம் இழுத்துக்கொண்டு போகிறதே! இருவருக்கும் நடுவில் கசப்பு ஏறியது. லெ சோவோ திருக்கோவிலூர் தபோவனத்து ஞானானந்தர் காலடியிலும் போய் உட்கார்ந்துவிட்டார். நொபிலி, நானே உங்கள் குரு என்றார். முந்நூற்றைம்பது வருஷம் கழித்து அதே காவியில் வந்தவர், எனக்கு ஒரு குரு வேண்டும் என்கிறார். துபுவா இதைப் பார்த்திருந்தால் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் சேர்த்திருப்பார். யாரிடமிருந்தாவது எடுத்து.

அதற்காக இவர் சபையை விட்டுப் போய்விட்டார் என்று நினைக்காதீர்கள். கடைசிவரைக்கும் குருவானவர்தான், பூசையும் ஜெபப் புத்தகமும் கூடவேதான். கிறிஸ்துவா, அத்வைதமா என்று டைரி டைரியாகத் தன்னோடு சண்டை போட்டிருக்கிறார். எழுதிய ஆளுக்கு நிம்மதி இல்லை, படிக்கிற ஆளுக்குத் தூக்கம் இல்லை. எனக்கு வேண்டியது இதுதான். கேதரின் பிஷப்பும் அவர் சிநேகிதரும் பாலைவனத்தில் வெங்காய சூப் வைத்து பிரான்ஸை நினைத்துக்கொள்வார்கள். அதற்கு ஜோடியாக நான் எழுதிய பிட்சைச் சோற்று அத்தியாயத்தில் ரசம் மட்டும் மூன்று பக்கம் வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது மரணக் காட்சி. தலைப்பிலேயே மரணத்தை வைத்த அம்மாளோடு போட்டி போடவேண்டும். அவருடைய பிஷப் கட்டிலில், மரியாதையாக, பழைய நினைவுகளில் மிதந்துகொண்டே போகிறார். வெளியே ஊரே முழங்காலில் நிற்கிறது. நம் ஆள் இமயமலையில் செத்திருப்பார் என்று நம்பித் தேடினேன். 1968-ல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் என்கிற இன்னொரு துறவி வந்து ஏற்றுக்கொண்டதும் இவர் உத்தரகாசிக்கே போய்விட்டார். கங்கை, பனி, குடிசை. செட் தயார்.

1973 ஜூலை 14. பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினம். இடம் ரிஷிகேசம். சாமான் வாங்கிக்கொண்டு நின்றவர் பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டு ஓடினார். மாரடைப்பு. நடைபாதையிலேயே விழுந்து கிடந்தார். பிழைத்துக்கொண்டார், டிசம்பர் 7-ல் இந்தூரில்தான் உயிர் போனது. அந்த நடைபாதையில் கிடந்த நேரத்தில்தான் தான் இத்தனை வருஷம் தேடியது கிடைத்தது என்று நண்பர்களுக்கு எழுதியிருக்கிறார்.

குகையில் கிடைக்கவில்லை, காவிரிக்கரையில் கிடைக்கவில்லை, பஸ் ஸ்டாப்பில் கிடைத்திருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மரணக் காட்சிக்கு ஸ்தல ஆராய்ச்சி. விழுப்புரம் வண்டி கிளம்பியது. காவி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு கையில் வேட்டியையும் மறு கையில் சொம்பையும் பிடித்துக்கொண்டு ஓடினார். கண்டக்டர் ஒரு கை கொடுத்துத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு, “சாமி, சில்லறையா குடு” என்றார்.